ரீஜண்ட் என்பவர் அரசப் பிரதிநிதி அல்லர்

கள்ளக்குறிச்சி வட்டார வரலாற்றைப் பல ஆண்டுகளாகத் தொகுத்துவரும் நண்பர் ஒருவர், தம் நூலின் ஓர் இயலைப் பார்வையிடச் சொல்லி அனுப்பியிருந்தார். கல்வராயன் மலையைப் பற்றிய இயல் அது. உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. கோமுகி அணையிலிருந்து வெள்ளிமலை வரை மனிதர் நடந்து பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு வாக்கியத்தில் என் கண் தடுக்கி நின்றது. மலையின் மூன்று ஜாகீர்களையும் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஜாகீர்தார்களைக் குறித்து, "இவர்கள் ரீஜண்டுகளாக, அதாவது அரசப் பிரதிநிதிகளாக இருந்து மலைமக்களை ஆண்டனர்" என்று எழுதியிருந்தார்.

இரண்டு சொல்லும் தவறு என்று பதில் எழுதினேன். "ஒரு சொல்லுக்கு இத்தனை அமளியா? அரசனுக்குப் பதிலாக ஆள்பவர் ரீஜண்ட். அதைத் தமிழில் அரசப் பிரதிநிதி என்கிறோம். எல்லாப் புத்தகங்களிலும் அப்படித்தானே இருக்கிறது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எல்லாப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அதுதான் என் வழக்கே. நண்பரோடு எனக்குப் பகையில்லை. அந்தச் சொல்லை அவர் கையில் கொடுத்தவர்கள் நாம் எல்லோரும். ஆகவே விடையையும் எல்லோர் முன்னிலையிலும் வைக்கிறேன்.

*

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடுவோம். ரீஜண்ட் லத்தீனிலிருந்து வந்த சொல். 'ரெகெரே' என்னும் வினைக்கு நேராகச் செலுத்துதல், ஆளுதல் என்று பொருள். அதன் நிகழ்கால எச்ச வடிவத்திலிருந்து பிறந்தது ரீஜண்ட். 'ஆண்டுகொண்டிருப்பவர்' என்பதே அதன் நேர்ப்பொருள். அரசனைக் குறிக்கும் லத்தீன் 'ரெக்ஸ்' என்பதும் வடமொழி 'ராஜன்' என்பதும் இதே வேரின் கிளைகள் என்று மொழிநூலார் காட்டுவர். அரசன் என்பது பெயர். பிறப்பாலோ முடியாலோ வந்து ஒட்டிக்கொள்வது. ரீஜண்ட் என்பது தொழில். ஆளும் வேலை இந்நாளில் யார் கையால் நடக்கிறதோ அவர் ரீஜண்ட். வேலை முடிந்தால் பெயரும் முடிந்தது.

வைசிராய் வேறு. 'வைஸ்' என்றால் இடத்தில். 'ராய்' என்றால் அரசன். அரசனின் இடத்தில் அமர்ந்திருப்பவர். 1858-இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தோடு இந்தியாவுக்கு வந்த இந்தப் பட்டம் 1947 வரை இருந்தது. சட்டப்படியான பதவியின் பெயர் கவர்னர் ஜெனரல்தான். வைசிராய் என்பது அரசியின் ஆளாக நிற்கும் பெருமையைச் சொல்லும் பட்டம். நம் பழைய இதழ்கள் இதை 'ராஜப்பிரதிநிதி' என்று மொழிபெயர்த்தன. மிகச் சரியான மொழிபெயர்ப்பு. பிரதிநிதி என்பவர் ஒருவரால் அனுப்பப்படுகிறவர். லண்டனில் ஒரு ராணி இருந்தார். வயது வந்தவர், அறிவு தெளிந்தவர், அரியணையில் இருந்தவர். அவர் அனுப்பினார், இவர் வந்தார். திரும்பி வா என்றால் போக வேண்டியவர்.

ரீஜண்டை யார் அனுப்பினார்? அரசன் தொட்டிலில் கிடக்கிறான், அல்லது சித்தம் கலங்கிக் கிடக்கிறான். அவனால் எவரையும் அனுப்ப முடியாது. எவரையும் திரும்ப அழைக்கவும் முடியாது. அப்படிப்பட்ட நிலையில்தான் ரீஜண்டே தேவைப்படுகிறார். தொட்டில் குழந்தை அனுப்பிய பிரதிநிதி என்று ஒருவரைச் சொல்வது நகைப்புக்கு இடமாகும். ஆனால் அரசப் பிரதிநிதி என்று எழுதும்போதெல்லாம் நாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இது சொல் நுணுக்கம் மட்டுமன்று. வைசிராயின் தலைக்கு மேல் ஒருவர் இருக்கிறார். தவறு செய்தால் கேட்பார். ரீஜண்டின் தலைக்கு மேல் அந்நாளில் யாரும் இல்லை. அவரைக் கட்டுப்படுத்துவது ஒன்றே ஒன்று: கணக்குக் கொடுத்துச் சாவியை ஒப்படைக்க வேண்டிய ஒரு நாள் வரப்போகிறது என்பது. அந்த நாளை எடுத்துவிட்டால் ரீஜண்டுக்கும் அரசனுக்கும் வேறுபாடு இல்லை. இன்னும் சொன்னால், அரசனுக்காவது அரசன் என்ற பெயரின் பழி உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

*

எடுத்துக்காட்டுகள் வேண்டுமல்லவா?

ஆங்கில நாட்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியபோது, 1811 பிப்ரவரியில் அவர் மகன் ரீஜண்ட் ஆனார். நாடாளுமன்றம் சட்டம் இயற்றித்தான் அதைச் செய்தது. முதல் ஓராண்டுக்கு அவர் புதிய பிரபுப் பட்டங்களை வழங்கக்கூடாது என்பது போன்ற தடைகளையும் போட்டது. தந்தை ஒருவேளை குணமடைந்துவிட்டால் அவர் திரும்பி வருகையில் வீடு வீடாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். தந்தை குணமடையவில்லை, 1820-இல் இறந்தார். மகன் அன்று முதல் அரசரானார். ரீஜண்ட் என்ற பெயர் அன்றோடு போயிற்று.

நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்கு வருவோம். 1886-இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவராகப் பட்டத்துக்கு வந்தார். அதற்கு முன்பே திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியார் திவான்-ரீஜண்ட் ஆனார். எட்டாண்டுகள் சமஸ்தானத்தை நடத்தினார். 1894-இல் மன்னர் உரிய வயதை அடைந்ததும் அதிகாரம் மன்னரிடம் சென்றது. சாஸ்திரியாரின் திறமையை வரலாற்றாசிரியர்கள் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அந்த 1894.

திருவிதாங்கூரில் 1924-இல் மூலம் திருநாள் மறைந்தபோது வாரிசான சித்திரைத் திருநாளுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. சேது லட்சுமி பாய் 1931 வரை ஆண்டார். இன்றைய நாகர்கோவிலும் தக்கலையும் அன்று அவர் ஆட்சியில் இருந்த ஊர்கள். இவர் கதையில் ஒரு திருப்பம் உண்டு. தாய்வழி மரபில் மூத்த ராணி தன் சொந்த உரிமையிலேயே ஆளத் தக்கவர், ரீஜண்ட் என்பது அவரைக் குறைத்துச் சொல்வது என்றொரு வாதம் அன்றே எழுந்தது. ஆங்கில அரசு ரீஜண்ட் என்ற சொல்லில் நின்றது. ஏன் அந்தச் சொல்லில் அத்தனை பிடிவாதம்? ரீஜண்ட் என்று எழுதிவிட்டால் முடிவு நாளும் எழுதியாகிவிட்டது. ராணி என்று எழுதினால் ஆயுள் உள்ளவரை ராணி. ஒரு சொல்லுக்கு இத்தனை அமளியா என்று கேட்ட நண்பருக்குத் திருவனந்தபுரம் சொல்லும் விடை இது.

மதுரையின் ராணி மங்கம்மாளை மறக்க முடியுமா? மகன் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பர் 1689-இல் மறைந்தார். பேரன் விசயரங்க சொக்கநாதர் கைக்குழந்தை. பாட்டி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆண்டார். சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர் என்று தென்னாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கடைசிக் காலத்தைப் பற்றி மதுரையில் வழங்கும் செவிவழிக் கதை கொடியது: பேரனுக்கு ஆட்சியைக் கொடுக்கத் தயங்கினார் என்றும், சிறையில் பட்டினியால் இறந்தார் என்றும். கதை உண்மையோ பொய்யோ, மக்கள் அதை ஏன் சொல்லிவந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சாலை போட்டது, சத்திரம் கட்டியது எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வியை அவர்கள் வைத்திருந்தார்கள்: உரியவனிடம் உரிய நாளில் கொடுத்தாயா?

*

இத்தனை நல்ல கேள்வியை வைத்திருந்த தமிழர்களிடம் அதற்கான சொல் ஏன் இல்லை? எனக்குத் தோன்றும் காரணம் இது. நம் பழைய அரசுகளில் வாரிசு குழந்தையாக இருந்தால், பெரும்பாலும் வயது வந்த அடுத்தவர் தாமே முடி சூடிக்கொண்டார். கண்டராதித்த சோழர் மறைந்தபோது மகன் உத்தமன் சிறுவன். தம்பி அரிஞ்சயன் பட்டமேறினார். அவருக்குப்பின் அவர் மகன் சுந்தர சோழர். உத்தமனின் முறை வர ஏறத்தாழ 970 ஆகிவிட்டது. 'பொன்னியின் செல்வ'னின் பின்னணியே இந்தச் சிக்கல்தான். ரீஜண்ட் என்ற ஏற்பாடு இருந்திருந்தால் அந்த நாவலுக்கு இடமிருந்திராது.

நடைமுறையில் இல்லாததை இலக்கியம் வைத்திருந்தது. கம்பனின் பரதனைவிடச் சிறந்த ரீஜண்ட் எந்த மொழியில் இருக்கிறான்? அயோத்திக்குள் நுழையாமல் நந்தியம்பதியில் இருந்து, பாதுகையை அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆள்கிறான். அவனை இராமனின் பிரதிநிதி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கதையின் முடிவைப் பாருங்கள். சொன்ன நாளில் இராமன் வரவில்லை என்றதும் பரதன் தீ வளர்க்கச் சொல்லி அதில் புகத் துணிகிறான். அனுமன் வந்து தடுக்கிறான். கெடு தாண்டினால் ஒரு நாள்கூட ஆளமாட்டேன், உயிரோடும் இருக்கமாட்டேன் என்பவன் அவன். கெடுவை மறந்த பரதன் ஒருவனைக் கற்பனை செய்யுங்கள். கைகேயி கேட்டது கிடைத்துவிட்டது என்றல்லவா பொருள்!

எதிர்த்திசை எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. மதுரை நாயக்கர்கள் விசயநகரப் பேரரசின் காரியத்துக்குக் கர்த்தர்களாக வந்தவர்கள். விசுவநாத நாயக்கர் 1529 அளவில் மதுரைக்கு வந்தபோது அவர் இன்னொருவரின் ஆள். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நொறுங்கிய பின் நாளடைவில் அவர் வழிவந்தவர்கள் தாமே அரசர்கள் ஆனார்கள். பதிலுக்கு ஆள வந்தவர் பதிலாக இருப்பதை விட்டுவிட்ட கதை இது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, உலகெங்கும் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர்களை யாரும் பிரதிநிதி என்று அழைப்பதில்லை. நாயக்க மன்னர் என்கிறோம். சொல் மாறிவிட்டது, மாறத்தான் வேண்டும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லி மேலே போகிறேன். வெள்ளையர் காலத்தில் வயது வராத ஜமீன் வாரிசுகளின் சொத்தைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பு பார்த்துக்கொண்டது. அந்த வாரிசை மைனர் என்றார்கள். மைனர் நம் ஊர்களில் ஜிப்பாவும் சங்கிலியும் போட்டுக்கொண்டு, சொத்தைக் கரைக்கும் உல்லாசியாகி, மைனர் செயின் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டார். மைனரைத் தமிழாக்கிக்கொண்ட நாம் மைனருக்காக ஆளும் ரீஜண்டை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டோம். கூத்தடித்த பிள்ளையின் பெயர் நினைவிருக்கிறது. கணக்குச் சொல்ல வேண்டிய காப்பாளரின் பெயர் நினைவில்லை.

*

நண்பரின் தரப்பில் நின்று வலுவான மறுப்பு ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். ரீஜண்ட் என்ற சொல் எல்லா இடத்திலும் இத்தனை கறாராக வழங்கவில்லை. டச்சு நாட்டின் நகரங்களை ஆண்ட செல்வக் குடும்பத்தினரை ரீஜண்டுகள் என்றுதான் அழைத்தார்கள். அங்கே எந்தக் குழந்தை அரசனும் இல்லை. ஹங்கேரியில் ஹோர்த்தி என்னும் கடற்படைத் தளபதி 1920 முதல் 1944 வரை ரீஜண்டாக இருந்தார். அரியணை மட்டும் இருந்தது, அதில் அமர அரசனே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஜாவா. டச்சுக்காரர்கள் ஜாவாவின் உள்ளூர்ப் பிரபுக்களைப் பதவியில் விட்டுவைத்து அவர்களுக்கு ரீஜண்ட் என்று பெயரிட்டார்கள். இன்றும் இந்தோனேசியாவின் மாவட்டத் தலைவரான 'புபாதி'யை ஆங்கிலத்தில் ரீஜண்ட் என்றே எழுதுகிறார்கள். அப்படியிருக்க, கல்வராயன் மலை ஜாகீர்தாரை அவ்வாறு அழைத்தால் என்ன தவறு?

இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஜாவாவின் ரீஜண்டுக்கும் நம் ஜாகீர்தாருக்கும் உறவுமுறையே சொல்லலாம். ஆனால் ஜாவாவில் அந்தச் சொல் என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். 1860-இல் முல்தாத்துலி என்ற புனைபெயரில் ஒரு டச்சு அதிகாரி 'மாக்ஸ் ஹவெலார்' என்ற நாவலை எழுதினார். லெபாக் என்னும் மாவட்டத்தில் அதிகாரியாக இருந்தவர். அங்கே ரீஜண்ட் தம் குடிகளைக் கூலியின்றி வேலை வாங்குவதையும் அவர்களின் எருமைகள் பறிபோவதையும், மேலே இருந்த டச்சு அரசு அதைத் தெரிந்தே விட்டுவைத்ததையும் அந்த நாவல் பேசுகிறது. வெள்ளையனைக் கேட்டால், ஆள்பவர் உங்கள் ரீஜண்ட் என்பான். ரீஜண்டைக் கேட்டால், நான் வெள்ளையனின் ஆள் என்பார். குடியானவன் யாரிடம் போவான்? முடிவு நாள் இல்லாத ரீஜண்ட் என்ற சொல் அங்கே பொறுப்பை ஒளித்துவைக்கும் பெட்டியாகப் பயன்பட்டது. வழக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாமும் அந்தப் பெட்டியைத் தூக்கிவர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

*

இனிக் கல்வராயன் மலை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையகவுண்டன், குரும்பகவுண்டன், ஆரியகவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. விசயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று மரபு சொல்லும். பேரரசு போயிற்று, நவாபு வந்து போனார், கும்பினி வந்தது, ராணியின் ஆட்சி வந்தது, 1947-உம் வந்தது. மலையில் ஜாகீர்தார்கள் அப்படியே இருந்தார்கள். 1963-இல் இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. ஆனாலும் மலை அரசின் கைக்கு வந்தது 1976-இல்தான். நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து. அதுவரை ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்த கதைகளை மலையின் முதியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். ஜாவாவை இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் புரிந்திருக்கும்.

ஜாகீர் என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்கலாம். பாரசீகத்தில் 'ஜா' என்றால் இடம். 'கீர்' என்றால் பிடித்திருத்தல். இடம் பிடித்திருப்பவர் ஜாகீர்தார். லெப்டினன்ட் என்ற பிரெஞ்சு வழிச் சொல்லுக்கும் பிரித்தால் இடம் பிடித்திருப்பவர் என்பதே பொருள். அதிலிருந்து வந்ததுதான் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர். ஆகவே ஜாகீர்தார் என்ற சொல்லுக்குள்ளேயே பதிலாள் ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்று நண்பர் வாதிடலாம். வாதிடட்டும். ஆனால் மொகலாயர் ஏற்பாட்டில் ஜாகீர் பொதுவாகப் பரம்பரைச் சொத்தன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜாகீர்தாரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினார்கள். ஓரிடத்தில் வேர்விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே. இடத்தைப் பிடித்திருப்பவர் ஒரு நாள் அதை விட வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் இருந்தது. கல்வராயன் மலையில் பெயர் மட்டும் ஏறியது, நிபந்தனை ஏறவில்லை.

ஆகவே நண்பரின் வாக்கியத்தை நான் இப்படிச் சோதிக்கிறேன். ஜாகீர்தார் யாருக்காக ஆண்டார்? கிருஷ்ணதேவராயருக்காகவா? அவர் 1529-இல் மறைந்துவிட்டார். ஆங்கில அரசியின் சார்பிலா? அவர் அனுப்பிய ஆள் மாவட்டக் கலெக்டர். மலைமக்களுக்காகவா? அவர்கள் குழந்தைகள் அல்லர். எப்போது திருப்பித் தருவதாகச் சொன்னார்? சொல்லவே இல்லை. மூன்று கேள்விக்கும் விடையில்லாத ஒருவர் ரீஜண்டும் அல்லர், பிரதிநிதியும் அல்லர். அவர் ஜாகீர்தார். அந்தச் சொல்லே போதும். இனிய சொல் ஒன்றை மேலே போர்த்தினால் கூலியில்லா உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சுற்றுலாக் குறிப்புகள் சிலவற்றில் இவர்கள் 'மலையின் மன்னர்கள்' ஆகிவிட்டார்கள். மேகம் அருவிக்குப் போகிறவர்களுக்கு மன்னர் கதை இனிக்கும். வரலாறு எழுதுகிறவருக்கு இனிக்கலாமா?

*

இங்கே நிறுத்தியிருந்தால் பழைய ஜாகீர்தாரைத் திட்டிய திருப்தியோடு எல்லோரும் எழுந்து போகலாம். ஆனால் அதே மூன்று கேள்விகளை 1976-க்குப் பிறகும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டின் ஒரு விந்தையைக் கவனியுங்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கலைக்கப்பட்டது. 1977 ஜூனில் அடுத்த அரசு பதவியேற்கும் வரை மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியில், ஆளுநரின் கீழ் இருந்தது. மாநிலம் முழுவதற்குமே அப்போது பதில் ஆட்சி. ஆனால் 356-ஆம் பிரிவின் கீழ் வரும் அந்த ஆட்சிக்கு ஒரு கெடு உண்டு; நாடாளுமன்றம் மீண்டும் மீண்டும் ஒப்புதல் தந்தால்தான் நீளும். நாற்பத்து நான்காம் திருத்தத்துக்குப் பின் அந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியிருக்கிறது. பதில் ஆட்சி என்றால் நாள் குறிக்க வேண்டும் என்பதை அரசியல் சட்டம் அறிந்திருக்கிறது.

மலைக்கு யார் நாள் குறித்தார்கள்? ஜாகீர்தாரிடமிருந்து அரசு மலையை எடுத்தது. எடுத்து யாரிடம் கொடுத்தது? உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டும், காட்டின் மீதான உரிமையைக் கேட்டும் மலைமக்கள் அலுவலகப் படி ஏறிய காலம் நீண்டது. பழங்குடிகளின் வன உரிமையை ஏற்கும் சட்டம் 2006-இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி ஆட்சிமுறை தருவது. தமிழ்நாட்டில் அந்த அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் அத்தகைய பகுதிகளில் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் கல்வராயன் மலையை எட்டவில்லை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் அருகில் வந்தது நல்லதுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடனே எல்லோருடைய விரலும் மலையை நோக்கி நீண்டது. அதன் பின்தான் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அரசிடம் கேள்வி கேட்டது. நீதிமன்றத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று உறுத்துகிறது. முதலில் ஜாகீர்தார் பேசினார், பிறகு வனத்துறையும் வருவாய்த்துறையும் பேசின, இப்போது நீதிமன்றம் பேசுகிறது. மலைமக்களுக்காகப் பேசுகிறவர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக அவர்கள் இன்னும் வயதுக்கு வராத மைனர்களாகவே நடத்தப்படுகிறார்கள். இப்படிப் பார்த்தால், ரீஜண்ட் என்ற சொல் அந்த மலைக்குப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அரசு தன்னை ரீஜண்டாக எண்ணிக்கொள்ளட்டும். எண்ணிக்கொண்டால் ஒப்படைக்கும் நாள் எது என்று சொல்லக் கடமைப்படும். பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டால் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

*

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போவது முறையன்று. மாற்றுச் சொல் என்ன?

அது நம் அரசு அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. வட்டாட்சியர் விடுப்பில் போனால் வேறொருவரின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று எழுதுகிறார்கள். பொறுப்பு ஆளுநர், பொறுப்புத் துணைவேந்தர் என்றெல்லாம் நாள்தோறும் படிக்கிறோம். உரியவர் வரும்வரை என்பது அந்தச் சொல்லைக் கேட்டதும் யாருக்கும் புரிகிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற பொருளும் கூடவே இருக்கிறது. எனவே ரீஜண்டைப் பொறுப்பரசர் என்றும், மங்கம்மாளையும் சேது லட்சுமி பாயையும் பொறுப்பரசி என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. பொறுப்பாட்சி என்ற சொல்லை மட்டும் தவிர்க்க வேண்டும். மக்கள் மன்றத்துக்குப் பதில் சொல்லும் ஆட்சி என்ற பொருளில் அது வேறிடத்தில் வழங்கிவிட்டது. பொறுப்பரசு என்றால் குழப்பமில்லை. இதைவிட நல்ல சொல்லை யாரேனும் தந்தால் என் சொல்லை விட்டுவிட நான் தயார். நானும் இந்தச் சொல்லுக்குப் பொறுப்பாளன்தான். அரசப் பிரதிநிதியை வைசிராய்க்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

கடைசியாக நண்பருக்கு. அந்த மலையின் மக்களை மலையாளிகள் என்கிறோம். கேரளத்தாரோடு தொடர்பில்லாத பெயர் அது. மலை ஆள் என்று அதைப் பிரிக்கலாம். மலையை ஆள்பவர் என்றும் பிரிக்கலாம். இலக்கணம் கற்றவர்கள் முதலாவதையே ஏற்பார்கள் என்று அறிவேன். எனினும் உங்கள் இயலின் கடைசி வரியில் இரண்டாவதையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். யாருக்காக ஆண்டார்கள், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.